மீண்டும் ஹிரோஷிமா போகும் நம் மாணவி: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும்,

வணக்கம். தேசிய தினக் கொண்டாட்டம் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் தவணை முடிய இன்னும் சில வாரங்கள்தாம் இருக்கின்றன. அதற்குள் உங்களிடம் ஒரு நல்ல செய்தியைச் சொல்லி, ஓர் உதவியும் கேட்கலாம் என்று இதை எழுதுகிறேன். வழக்கமான சுற்றறிக்கை தனியாக வரும். இது தமிழில் வருவதற்குக் காரணம், உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியும் இதைப் படிக்க வேண்டும், அல்லது யாராவது அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பதுதான்.

நம் பள்ளியில் உயர்நிலை மூன்று படித்தபோது மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஹிரோஷிமா சென்று வந்த மாணவி ஒருவர் இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறார். செப்டம்பர் 21, அனைத்துலக அமைதி நாள். அதையொட்டி ஹிரோஷிமாவில் நடக்கும் இளையர் சந்திப்பில் கலந்துகொள்ள அவருக்கு அழைப்பு வந்திருக்கிறது. பல நாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். ஒவ்வொருவரும் தங்கள் குடும்பம் போரைப் பற்றி என்ன நினைவு வைத்திருக்கிறது என்று பத்து நிமிடம் பேச வேண்டும்; வீட்டிலிருந்து ஒரு பொருளையும் கொண்டுவர வேண்டும். கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதல்முறை போனபோது அவர் விருந்தாளி. தங்கியிருந்த வீட்டில் அந்த அம்மா இரும்புக் கல்லில் மாவை மெல்லிசாக ஊற்றி, அதன்மேல் முட்டைக்கோஸை மலைபோலக் குவித்து, நூடுல்ஸும் முட்டையும் சேர்த்து ஒரே திருப்பாகத் திருப்பிய காணொளியை அவர் எனக்குக் காட்டியது நினைவிருக்கிறது. அந்த வயதில் அதுதான் பெரிய விஷயம், அது சரிதான். உண்மையான பாடம் சில மாதங்களுக்குப் பிறகு இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் தொடங்கியது. அந்த ஜப்பானிய வீட்டு மகள் இங்கே வந்து, நம் மாணவியின் நாலறை வீட்டில் தங்கினார்.

நம் மாணவியின் வீட்டில் ஒரு கொள்ளுப்பாட்டி இருக்கிறார். இப்போது 88 வயது. செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனபோது அவருக்கு வயது ஐந்து. ஜப்பான்காரப் பிள்ளை வீட்டுக்கு வருகிறது என்றதும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் இரண்டு நாள் அறையைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து, தேங்காய்ப்பூ தூவி, கொஞ்சம் சீனி போட்டு, அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கொடுத்தார். “இதைத்தான் மூணு வருஷம் தின்னோம், கண்ணு. தேங்காயும் சீனியும் அப்போ ஏது?” என்றாராம். கொள்ளுப்பேத்திதான் இடையில் இருந்து மொழிபெயர்த்தது. அந்தப் பிள்ளை தட்டைக் காலி செய்துவிட்டு, தன் பெரிய பாட்டியின் அக்காவைப் பற்றிச் சொன்னது. பள்ளிக்கூடப் பெண். 1945 ஆகஸ்ட் 6 காலை வேலைக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

வேலை என்றால் என்ன வேலை என்று கேட்பீர்கள். குண்டுவீச்சில் தீ பரவாமல் இருக்க, நகரின் நடுவே வீடுகளை வரிசையாக இடித்து வெற்றிடம் உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். ஆள் பற்றாக்குறையால் பள்ளிப் பிள்ளைகளை அந்த வேலைக்கு அனுப்பினார்கள். காலை 8.15 மணிக்கு அணுகுண்டு வெடித்தபோது வெட்டவெளியில் நின்ற அந்தப் பிள்ளைகளில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பலருக்கு வயது 12, 13. நம் பள்ளியில் உயர்நிலை ஒன்றில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வயது.

இன்னொரு செய்தியும் உங்களுக்குத் தெரிய வேண்டும். பரிமாற்றத் திட்டம் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் இதைச் சொல்வதுண்டு. போர்க்காலத்தில், 1943, 1944ஆம் ஆண்டுகளில், ஜப்பானிய அரசு தான் பிடித்திருந்த தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து சுமார் 200 இளையர்களைத் தேர்ந்தெடுத்துப் படிக்க அழைத்துப் போனது. அவர்களில் சிலர் ஹிரோஷிமாவில் படித்தார்கள். மலாயாவின் கிளந்தானைச் சேர்ந்த நிக் யூசோஃப் குண்டுவீச்சில் இறந்தார். அவருடைய கல்லறை ஹிரோஷிமாவில் ஒரு புத்தக் கோயிலில் இருக்கிறது. ஜோகூரைச் சேர்ந்த சையது ஓமார் ஊர் திரும்பும் வழியில் உடல் மோசமாகி, 1945 செப்டம்பர் 3ஆம் தேதி கியோட்டோவில் காலமானார். அங்கேயே அடக்கமும் நடந்தது. உயிர் தப்பிய அப்துல் ரசாக் பின்னாளில் மலேசியாவில் ஜப்பானிய மொழி ஆசிரியராக இருந்தார். புருணையின் பெங்கிரான் யூசோஃப் அந்த நாட்டின் முதலமைச்சர் பதவி வரை போனார். குண்டு விழுந்த அந்த நகரத்தில் நம் பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பிள்ளைகள். நம் மாணவி இந்த முறை நிக் யூசோஃபின் கல்லறைக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

சரி, உதவி என்ன என்று சொல்கிறேன்.

அவர் முதலில் எழுதிக்கொண்டு வந்த உரையை நானும் தமிழாசிரியரும் படித்தோம். அமைதி, நட்பு, எதிர்காலம் எல்லாம் இருந்தன, பிழையே இல்லை. எந்த நாட்டுப் பிள்ளையும் எழுதக்கூடிய உரை அது. கொள்ளுப்பாட்டி அதில் எங்கே என்று தமிழாசிரியர் கேட்டார். அப்புறம் மாணவி வீட்டுக்குப் போய், கைத்தொலைபேசியில் பாட்டியின் பேச்சைப் பதிவு செய்திருக்கிறார். அரிசிக்கு வரிசையில் நின்றது, அப்பாவின் சட்டையை வெட்டிப் பிள்ளைகளுக்குத் தைத்தது, ஜப்பானியர் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குப் போன சித்தப்பா திரும்பாதது எல்லாம் அதில் வந்தன. பாட்டி அலமாரியைத் திறந்து ஒரு பழைய பத்து வெள்ளி (டாலர்) நோட்டையும் எடுத்துக் கொடுத்தாராம். வாழை மரம் அச்சிட்ட ஜப்பானியர் காலத்து நோட்டு. போர் முடிந்ததும் செல்லாமல் போன பணம். அவருடைய அம்மா அதை ஏன் பத்திரமாக வைத்திருந்தார் என்று பாட்டிக்கே தெரியவில்லை. மடித்த இடத்தில் கிழியத் தொடங்கியிருக்கும் அந்த நோட்டுதான் இப்போது ஹிரோஷிமா போகிறது.

ஒரு பெற்றோர் என்னிடம் நேராகவே கேட்டார்: “விருந்துக்கு அழைத்தவர்கள் வீட்டில் போய் இதைப் பேசலாமா, மரியாதையா?” நியாயமான கேள்வி. பேசலாம் என்பதே என் பதில். குற்றம் சுமத்துவதற்காக அவர் போகவில்லை. ஒரு பக்கத்து வேதனையை மட்டும் கேட்டு, தன் வீட்டு வேதனையை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரும்பும் பிள்ளைக்கு அங்கே கிடைப்பது பாதி நட்புதான். அந்த ஜப்பானியப் பிள்ளை இங்கே வந்து கிழங்கைச் சாப்பிட்டபோது இரண்டு வீட்டுக் கதையும் ஒரே மேசைக்கு வந்தது. அதனால்தான் அவர்கள் இன்றும் வாரம் ஒருமுறை பேசிக்கொள்கிறார்கள்.

நம் வீடுகளில் எல்லோருக்கும் ஒரே கதை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். சயாமுக்குப் போனவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அதே காலத்தைப் பெருமையோடு பேசும் குடும்பங்களும் இருக்கின்றன. 1943 ஜூலையில் பாடாங் திடலில் நேதாஜி பேசியதைக் கேட்டு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில் துப்பாக்கி தூக்கிய தமிழ்ப் பெண்கள் உண்டு. போருக்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் வீட்டில் வேறு கதை இருக்கும். எதுவாக இருந்தாலும் பிள்ளைகள் கேட்கட்டும். சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அதுதான் என் கவலை.

ஆகவே செப்டம்பர் விடுமுறையில் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வேலையைத்தான் தமிழ்ப் பாடத்துக்குக் கொடுத்திருக்கிறோம்: வீட்டில் மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து, அவர் சிறு வயதில் என்ன சாப்பிட்டார், எங்கே ஒளிந்தார், யாரை இழந்தார் என்று கேட்க வேண்டும். தமிழில் கேட்க வேண்டும். பதிவு செய்தால் நல்லது, எழுதினாலும் போதும். பெரியவர்கள் பேச விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். வீட்டில் அப்படி யாரும் இல்லையென்றால், பிள்ளைகளை பீச் ரோட்டில் உள்ள நினைவுத்தூணுக்கு அழைத்துப் போங்கள். எஸ்பிளனேட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கியதும் தெரியும். 1967இல் திறக்கப்பட்டது. நான்கு தூண்களும் நம் நான்கு இனத்தைக் குறிப்பவை. அடியில் ஆக்கிரமிப்புக் காலத்தில் கொல்லப்பட்டவர்களின் எச்சங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் அதைத் தாண்டிக் கடைத்தொகுதிக்குப் போயிருப்பார்கள், நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை காலை 10 மணிக்கு அந்த மாணவி பள்ளிப் பல்நோக்கு மண்டபத்தில் உங்களோடு பேசுவார். கொள்ளுப்பாட்டியும் உடல்நிலை இடங்கொடுத்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சக்கர நாற்காலியில் வரும் பெரியவர்களுக்குப் பின்வாசல் வழியாக மின்தூக்கி உண்டு. முன்கூட்டிச் சொன்னால் மாணவர்கள் வந்து அழைத்துப் போவார்கள்.

அடுத்த பரிமாற்றத் திட்டம் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வாரப் பயணம்தான். அரசு பிள்ளைகளின் படிப்புக்காகப் பணம் போடும் எடுசேவ் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். மகன்களுக்கு எக்சிட் பெர்மிட் (தேசிய சேவை செய்ய வேண்டிய ஆண் பிள்ளைகள் வெளிநாட்டில் நீண்ட நாள் தங்க வாங்கும் அனுமதி) வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு: மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்கினால்தான் அது வேண்டும், இதற்கு வேண்டாம். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தங்க வீடுகள் தேவை. போன முறை சில குடும்பங்கள் வீடு சிறியது என்று தயங்கி விலகிக்கொண்டார்கள். மூவறை வீடாக இருந்தால் என்ன? படுக்க ஓர் இடம், இரவில் எல்லோரோடும் சேர்ந்து ஒரு சாப்பாடு, பேச ஓர் ஆள் இருந்தால் போதும். பாட்டி தாத்தா இருக்கும் வீடுகளுக்கு முன்னுரிமை கொடுப்போம். படிவத்தைப் பள்ளி அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். நிரப்பிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினாலும் சரி. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்துக்குள் எங்களுக்குக் கிடைத்தால் வசதியாக இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்