பின்சீட்டில் கிடந்த டம்ளர்

அன்புள்ள தம்பிக்கு,

நீ விட்டுவிட்டுப் போன காரை ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுவினேன். பின்னால் கால் வைக்கிற இடத்தில் இருந்த மேட்டைத் தூக்கினால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டம்ளர். சீட்டுக்கடியில் நசுங்கிய பீர் கேன் இரண்டு. டம்ளரின் அடியில் ஒரு விரற்கடை அளவுக்கு இன்னும் மிச்சம் இருந்தது. உடனே உனக்கு ஃபோன் போட்டேன். "நான் ஒரு சொட்டு குடிக்கலம்மா. ஓட்டினது நான், பின்னாடி பசங்க குடிச்சாங்க, அவ்வளவுதான்" என்றாய்.

நம்புகிறேன். நீ பொய் சொல்கிற பிள்ளை இல்லை. ஆனால் அந்த "அவ்வளவுதான்" மூன்று நாளாக என்னை விடவில்லை. ஃபோனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுத்த வாரம் அதே வண்டியில், அதே பசங்களோடு ஹூஸ்டனிலிருந்து நாஷ்வில் வரைக்கும் போகப்போகிறாய்.

நான் நகர நீதிமன்றத்தின் கவுன்டரில் உட்கார்ந்து 11 வருடமாகிறது. போலீஸ் கொடுத்த அபராத டிக்கெட்டோடு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் உன் வயதுதான். "ஓப்பன் கன்டெய்னர்", அதாவது வண்டிக்குள் திறந்த மது வைத்திருந்ததற்கான டிக்கெட் என்றால் எல்லோருக்கும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "நான் குடிக்கலைங்க." அவர்கள் நிஜமாகவே குடித்திருக்க மாட்டார்கள். அந்தச் சட்டம் அதைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரியவரும்.

டெக்சஸ் சட்டம் என்ன சொல்கிறது என்று நிதானமாகப் படி. பொதுச் சாலையில் இருக்கும் வண்டியில், ஆட்கள் உட்காரும் பகுதியில், திறந்த மது இருப்பது தெரிந்தே அதை வைத்திருந்தால் குற்றம். வண்டி ஓடினாலும் சரி, ஓரமாக நிறுத்தியிருந்தாலும் சரி. "திறந்தது" என்றால் மூடி இல்லாதது மட்டும் இல்லை. சீல் உடைந்திருந்தாலோ, கொஞ்சம் குடித்துவிட்டு மறுபடி மூடி வைத்திருந்தாலோ அதுவும் திறந்ததுதான். உள்ளே எவ்வளவு இருந்தாலும் கணக்கு. நான் எடுத்த டம்ளரில் இருந்த அந்த ஒரு விரற்கடையும் கணக்குதான். அபராதம் 500 டாலர் வரை போகும். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, கோர்ட்டுக்கு வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். இதே நேரத்தில் ஓட்டுபவரும் போதையில் இருந்து, திறந்த மது அவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்துவிட்டால், குடித்துவிட்டு ஓட்டியதற்கான அந்த டி.டபிள்யூ.ஐ. வழக்கில் குறைந்தபட்சச் சிறை 72 மணி நேரத்திலிருந்து 6 நாளாகிவிடும்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. கவுன்டர் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் அப்படி ஒரு டிக்கெட்டை நானே வாங்கியிருக்கிறேன். எங்கள் கல்யாண நாள். ஓட்டலில் அப்பா வாகனம் ஓட்ட வேண்டுமென்று தண்ணீர்தான் குடித்தார். நான் ஒரு கிளாஸ் ஒயினோடு நிறுத்திவிட்டேன். மீதிப் பாட்டிலை வீணாக்க மனசில்லாமல் கார்க்கை அழுத்தி மூடி, காலுக்கு நடுவில் நிற்க வைத்துக்கொண்டு வந்தேன். பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று ஒரு போலீஸ் அதிகாரி நிறுத்தினார். டார்ச் வெளிச்சம் அப்பா முகத்தில் பட்டு, டாஷ்போர்டில் பட்டு, நேராக என் கால்மாட்டுக்கு வந்து நின்றது. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கார்க் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "யாருடையது?" என்று கேட்டார். என்னுடையது என்றேன். கையெழுத்துப் போடும்போது பேனா நழுவியது. அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. டிக்கியில் வைத்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது என்பதுதான் வெகுநாள் உறுத்தியது.

உன் பெரியப்பா 1985-ல் வந்தபோது, டெக்சஸில் ஒரு கையில் பீரும் ஒரு கையில் ஸ்டீயரிங்குமாக ஓட்டினாலும் அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. 1987-ல் ஓட்டுபவர் குடிக்கக் கூடாது என்றார்கள், அதையும் போலீஸ் கண்ணால் பார்க்க வேண்டும். 2001-ல்தான் வண்டிக்குள் திறந்த மதுவே கூடாது என்று வந்தது. நடுவில் 1998-ல் மத்திய அரசு ஒரு பிடி போட்டது. வண்டியில் இருக்கும் யாருமே திறந்த மது வைத்திருக்கக் கூடாது, குடிக்கவும் கூடாது என்று சட்டம் போடாத மாநிலத்துக்கு, நெடுஞ்சாலைப் பணத்தில் ஒரு பங்கைப் பாதுகாப்புக் காரியங்களுக்குத் திருப்பிவிடுவோம் என்றது. அதற்கும் அசையாத மாநிலங்கள் இருக்கின்றன. நீ போகிற வழி அப்படிப்பட்ட வழிதான்.

ஐ-10 நெடுஞ்சாலையில் லூசியானாவுக்குள் நுழைந்ததும், காரில் இருந்தபடியே உறைந்த டாக்கிரி என்கிற மதுபானம் வாங்குகிற கடைகளைப் பார்ப்பாய். பசங்க கட்டாயம் நிறுத்தச் சொல்வார்கள். அங்கே மூடியைத் திறக்காமல், ஸ்ட்ராவைச் செருகாமல், ஒரு வாய்கூடக் குறையாமல் இருக்கிற வரைக்கும் அது திறந்த மது இல்லை. ஸ்ட்ரா உள்ளே போன நொடியில் திறந்த மதுவாகிவிடும். அப்புறம் ஐ-55-ல் மிசிசிப்பி. அங்கே மாநிலம் முழுவதற்குமான ஓப்பன் கன்டெய்னர் சட்டமே கிடையாது. ஆனால் ஊர்களும் கவுன்டிகளும் தனித்தனியாக விதி வைத்திருக்கின்றன, எந்த வளைவில் எந்த ஊர் தொடங்குகிறது என்று பின்சீட்டில் இருப்பவனுக்குத் தெரியாது. மெம்ஃபிஸ் வந்துவிட்டால் டென்னசி. அங்கே ஓட்டுபவருக்குத் தடை, பயணிக்கு மாநிலச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் பயணிக்கும் கூடாது என்று ஊர்கள் தனியாக விதி போட்டுக்கொள்ளலாம்.

இப்போது நீ யோசி. டெக்சஸில் குற்றம், லூசியானாவில் ஸ்ட்ராவைப் பொறுத்தது, மிசிசிப்பியில் ஊரைப் பொறுத்தது, டென்னசியில் சீட்டைப் பொறுத்தது. எல்லை தாண்டும்போதெல்லாம் பின்னால் திரும்பி "டேய், இப்ப மூடுடா, இப்ப தொறடா" என்று சொல்லிக்கொண்டா ஓட்டுவாய்?

நிறுத்திவிட்டார்கள் என்றே வைத்துக்கொள். டம்ளர் நடுவில் இருக்கிறது. யாருடையது என்று கேட்கிறார்கள். நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை. மதுவைப் பற்றியது இல்லை என்றாலும், 2003-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மேரிலாண்ட் எதிர் பிரிங்கிள் வழக்கை இங்கே நினைத்துக்கொள். பின்சீட்டின் கைதாங்கிக்குப் பின்னால் கொகெயின் இருந்தது. காரில் மூன்று பேர், ஒருவரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. மூவரையும் கைது செய்ததில் தவறில்லை என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஒரே காரில் சேர்ந்து போகிறவர்களைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். உன் வண்டியில் டம்ளர் அனாதையாகக் கிடந்தால் முதலில் பார்க்கப்படுகிற முகம் உன்னுடையது. வாடை அடிக்கிறது என்று உன்னை இறக்கி, கோட்டின் மேல் நடக்கச் சொல்வார்கள். நீ குடிக்காதவன், நடந்துவிடுவாய். அந்த அரை மணி நேரம் ராத்திரியில் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்க வேண்டுமே.

உன்கூட வருகிறவர்களில் ஒருவன் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறான். திரும்பி வரும்போது அவனை ஓட்டச் சொல்வேன் என்றாய். நீ இங்கே பிறந்தவன், உனக்கு அந்தப் பயம் தெரியாது. குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே போதும், கோர்ட்டு தீர்ப்புக்குக் காத்திருக்காமல் விசாவை ரத்து செய்ய வெளியுறவுத் துறைக்கு அதிகாரம் இருக்கிறது, செய்கிறார்கள். ஓப்பன் கன்டெய்னர் டிக்கெட் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு ஊதல் சோதனை மட்டும்தான். பின்னால் இரண்டு பேர் குடித்துக்கொண்டிருந்தால், முன்னால் இருப்பவனுக்கு ஒரு வாய் நீட்டாமல் இருப்பார்களா? அவன் அம்மாவை எனக்குத் தெரியும். அவன் கல்லூரிக் கடனை அவர்கள் இன்னும் கட்டி முடிக்கவில்லை. இன்னொருவனின் தம்பியும் வருகிறான் என்றாய், அவனுக்கு 20. இந்த நாடு முழுவதும் மது வாங்குகிற வயது 21. அவன் கையில் ஒரு கேன்கூட இருக்கக் கூடாது.

சட்டத்தை எல்லாம் தள்ளி வை. அந்த இரண்டு கேனில் ஒன்று எங்கே இருந்தது தெரியுமா? பின்சீட்டுக்கு அடியில் இல்லை, உன் சீட்டுக்கு அடியில், முன்பக்கமாக. பின்னால் போட்டது, நீ பிரேக் போடப் போட உருண்டு உருண்டு முன்னால் வந்திருக்கிறது. இன்னும் ஒரு ஜாண் வந்திருந்தால் பெடலுக்கு அடியில். நான் அங்கேயே டிரைவ்வேயில் உட்கார்ந்துவிட்டேன், தம்பி. கை ஈரத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வண்டியில் குடித்தே ஆக வேண்டுமென்றால் டிரைவரோடு லிமோ எடுங்கள், அதில் பயணிகளுக்கு டெக்சஸ் சட்டம் விலக்கு தருகிறது. ஊபரில் வேண்டாம், அவர்களே திறந்த மதுவுக்கு அனுமதிப்பதில்லை. அப்பா மோட்டார் ஹோம் யோசனை சொன்னார், அதிலும் பின்னால் குடியிருக்கிற பகுதிக்குத்தான் விலக்கு. உங்களுக்கு அதெல்லாம் எதற்கு? நாஷ்வில் போய் ரூமில் உட்கார்ந்து குடிக்கட்டும், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

உன் வண்டிக்குத் தனி டிக்கி கிடையாது. அப்படிப்பட்ட வண்டியில், நிமிர்ந்திருக்கிற கடைசி சீட்டுக்குப் பின்னால் வைத்தால் சட்டத்துக்குப் போதும். அதனால் அங்கே பிடிக்கிற அளவுக்கு மூடி போட்ட ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன், சாம்பல் கலர். வாங்குகிற பாட்டில், பாதி குடித்த பாட்டில், காலி கேன், எல்லாம் அதற்குள் போகட்டும். கிளம்புவதற்கு முன்னால் நீயே அவர்களிடம் சொல். சங்கடமாக இருந்தால் "எங்கம்மா கோர்ட்ல வேலை பாக்கறாங்க, விட மாட்டாங்க" என்று என் மேல் பழியைப் போடு. மேட்டை இரண்டு தடவை கழுவிக் காயப்போட்டிருக்கிறேன், வாடை போய்விட்டது. வியாழக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்.

அம்மா