பெயர் சொல்லாத அந்த ஆலோசகருக்கு நன்றி

பதின்பருவப் பிள்ளையைத் தங்கும் சிகிச்சை மையத்தில் சேர்ப்பதா என்று தவித்த எங்களுக்குத் தொலைபேசியில் பொறுமையாக வழிகாட்டினீர்கள். மனமார்ந்த நன்றி.

முதலில் குழந்தை மனநல மருத்துவரிடம் முழு மதிப்பீடு என்றீர்கள். கோபமாகத் தெரிவது மனச்சோர்வாக இருக்கலாம். பள்ளி வெறுப்புக்குப் பின்னால் கற்றல் குறைபாடோ போதைப் பழக்கமோ இருக்கலாம். வாராந்திர ஆலோசனை, குடும்பச் சிகிச்சை, பகல்நேர மையம், இவை போதாதபோதுதான் தங்கும் மையம். சாக வேண்டும் என்று பிள்ளை சொன்னாலோ மையம் தேடிக்கொண்டிருக்காமல் அப்போதே அவசர சிகிச்சைக்குப் போகவேண்டும். வீட்டு மாத்திரைகளைப் பூட்டிவைக்க வேண்டும்.

மையத்திடம் கேட்கச் சொன்ன கேள்விகள்தான் பெரிய உதவி. உரிமம் எந்தச் சேவைக்கு? இரவுப் பணியில் எத்தனை பேர்? கட்டிப்போடுவது, தனியறையில் அடைப்பது உண்டா? பிள்ளை எங்களோடு தனியாகப் பேசலாமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் சேர்க்கவே வேண்டாம் என்றது முற்றிலும் சரி. தொடர்பை அறுத்துவிட்டால் உள்ளே கொடுமை நடந்தாலும் வெளியே தெரியாது. பரிந்துரைப்பவருக்குக் கமிஷன் உண்டா என்று விசாரிக்கவும் எங்களுக்குத் தோன்றியிருக்காது.

வீடு திரும்பியபின் சிகிச்சையைத் தொடர்வது யார் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே எழுதி வாங்கச் சொன்னீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி. பழைய சகவாசமும் பழைய சண்டையும் வீட்டில்தான் காத்திருக்கின்றன.