திரையில் வரும் நோயாளி எங்கள் ஊர்க்காரராக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாதிரி நோயாளிகளை இணையவழியில் காட்டித் தாதிய, மருத்துவ மாணவர்களைப் பயிற்றுவிப்பது பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். வரவேற்க வேண்டிய முயற்சி. 2020இல் கொவிட் வந்தபோது வாட்டுக்குப் போக முடியாமல் மாணவர்கள் தவித்ததையும், 2022இல் எண்ணெய்த் தட்டுப்பாட்டால் பஸ் ஓடாமல் பயிற்சி தடைப்பட்டதையும் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் எங்கள் பிள்ளைகள் பார்க்கும் இத்தகைய பாடங்களில் பல வெளிநாட்டு வைத்தியசாலைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பொத்தானை அழுத்தியதும் ஸ்கேன் அறிக்கை வந்துவிடுகிறது. நிபுணரைக் கூப்பிட்டால் அடுத்த நொடி வந்து நிற்கிறார். நாளைக்கு மண்டூரிலோ மகிழடித்தீவிலோ இரவுக் கடமைக்கு நிற்கப்போகும் பிள்ளைக்கு இது போதாது.

எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்துக்கான பாடம் எப்படி இருக்கலாம் என்று சொல்கிறேன். பெரும்போக வயல் காவலுக்குப் போய், வாடியில் (காவல் குடிசையில்) நிலத்தில் பாய் விரித்துப் படுத்த ஒருவரை அதிகாலையில் பிரதேச வைத்தியசாலைக்குக் கொண்டுவருகிறார்கள். "வயிறு வலிக்குது" என்கிறார். காயம் எதுவும் இல்லை. ஆனால் இது கட்டுவிரியன் பாம்பின் கடியாக இருக்கலாம்; அது கடித்தால் கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது, பல்லடையாளமும் தெரியாமல் போகலாம். இரவு எங்கே படுத்தார் என்று மாணவி கேட்டால்தான் வாடிக் கதை வெளியே வரவேண்டும். கேட்காமல் கஸ்ரைட்டிஸ் மருந்து கொடுத்து அனுப்பினால், திரையில் இரண்டு மணித்தியாலம் நகர்ந்து, அதே மனிதர் இமை சரிந்து, பேச்சுக் குழறித் திரும்பி வரவேண்டும். முதலில் பரியாரியிடம் (நாட்டு வைத்தியரிடம்) போனதைச் சொல்லக் குடும்பத்தவர் தயங்குவார்கள். அவர்களைக் கடிந்துகொண்டால் பேச்சு அத்தோடு நின்றுவிடும், பக்குவமாகக் கேட்டால் போன நேரம், கட்டிய கட்டு எல்லாம் தெரியவரும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. மூச்சு மெலிந்துகொண்டு போகிறது. விஷமுறிப்பு மருந்தை இங்கேயே ஏற்றுவதா, அம்பியூலன்ஸில் ஏற்றிப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவதா? அனுப்பினால் வழியில் மூச்சு நின்றுவிட்டால் மூச்சுக் கொடுக்கும் அம்பு (Ambu) பையை அழுத்தப்போவது யார்? எங்கள் நாட்டில் விஷமுறிப்பு மருந்துக்கே ஒவ்வாமை வருவது அடிக்கடி நடப்பது. மருந்தேற்றுமுன் மாணவி அந்த ஒவ்வாமைக்கான அட்ரினலினை எடுத்து வைத்தாளா, வளர்ந்தவருக்கு 0.5 மில்லிகிராமைத் தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும் என்று உடனே சொல்வாளா? இந்த முடிவுகளில் தவறினால் திரையில் தவறட்டும். திரையில் எத்தனை தரமும் திரும்பச் செய்யலாம்.

டெங்குக்கும் இப்படியொன்று வேண்டும். காய்ச்சல் விட்டதும் பிள்ளை சுகமாகிவிட்டது என்று தாய் வீட்டுக்குப் போகக் கேட்கும் நேரத்திலேயே குருதியின் திரவம் நாளங்களிலிருந்து கசியத் தொடங்கலாம். அந்த 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் குருதியின் மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்குமான இடைவெளி 20க்கு இறங்குவதை அட்டவணையில் கண்டுபிடிக்க ஒரு கண் பழக வேண்டும். அதைத் திரை நன்றாகவே பழக்கும்.

கையைத் திரை பழக்காது. நீரிழந்து சுருண்ட நாளத்தில் கனுலா (மருந்தேற்றும் சிறு குழாய்) போடுவதையும், இதயம் நின்றவரின் நெஞ்சை 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துவதையும் பொம்மையிலாவது செய்து பார்த்தே ஆகவேண்டும். இணையப் பாடம் வந்துவிட்டது என்று செய்முறை நேரத்தைக் குறைக்க யாராவது முன்வந்தால் தயவுசெய்து இடங்கொடுக்க வேண்டாம். ஒரு நோயாளியைத் திரையில் பார்த்து முடிவெடுத்த அதே கிழமையில் அந்தக் கைவேலையையும் செய்து பழக ஒழுங்கு செய்தால் இரண்டும் மனதில் நிற்கும்.

பாடங்கள் சாதாரண கைத்தொலைபேசியில், ஒருமுறை இறக்கி வைத்தால் இணைப்பு இல்லாமலும் ஓட வேண்டும். வெல்லாவெளிப் பக்கத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி வீட்டுக்கு வெளியே நிற்பது எல்லோரும் அறிந்ததுதான். நோயாளியின் பேச்சு எங்கள் பேச்சாக, குரல் பதிவாக இருப்பது நல்லது. சிங்களம் பேசும் மாணவர்களும் எங்கள் வாட்டுகளில் பயில்கிறார்கள், அவர்களுக்கும் அது உதவும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடமும் தாதியர் கல்லூரியும் மாகாண சுகாதாரத் திணைக்களமும் சேர்ந்து இதைத் தொடங்கலாம். எழுத ஆட்களைத் தூரத்தில் தேட வேண்டாம். களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, கல்முனை, திருக்கோவில் வைத்தியசாலைகளில் வருடக்கணக்காக இரவுக் கடமை பார்த்த தாதியரையும் மருத்துவரையும் உட்கார வைத்துக் கேட்டால் ஆளுக்கு ஒரு நோயாளியின் கதை சொல்வார்கள். பெயரையும் அடையாளத்தையும் நீக்கி, கட்டுவிரியன், டெங்கு, பிரசவத்தின் பின் இரத்தப்போக்கு என்ற மூன்றோடு தொடங்கினாலே அடுத்து வரும் மாணவர் அணிக்குப் பயன்படும். ஓய்வுபெற்ற எங்களைப் போன்றவர்களும் சம்பளமின்றி எழுதித்தர ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதியப் போதனாசிரியை,
களுவாஞ்சிகுடி.