மலையகத்தில் கிளை நடத்தும் வங்கிகளின் முகாமையாளர்களுக்கு

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

தபால் திணைக்களத்தின் பெயரில் சுற்றும் போலி மெசேஜ்களைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்றில்லை. 'உங்கள் பார்சல் நிற்கிறது, முகவரியைச் சரிசெய்யுங்கள்' என்று போன மாதம் பொகவந்தலாவையில் எங்கள் அம்மாவின் போனுக்கும் ஒன்று வந்தது. கொழும்பில் வேலை செய்யும் தம்பி அந்த வாரம் ஏதோ அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். அம்மா நம்பிவிட்டார்.

லிங்கை அழுத்தியதும் வந்த பக்கம் முழுக்கத் தமிழில் இருந்தது. 75 ரூபாய் கட்டச் சொல்லி கார்ட் இலக்கத்தைக் கேட்டது. மலையிலிருந்து இறங்கி வந்த கையோடு, கொழுந்துக் கறை போகாத விரலால் ஒவ்வொரு இலக்கமாக அழுத்தியிருக்கிறார். உடனே வங்கியிலிருந்து ஒரு மெசேஜ். 'வேறொரு போனில் உங்கள் கணக்கைத் திறப்பதற்கான இலக்கம் இது, யாருக்கும் கொடுக்காதீர்கள்' என்று தெளிவாகவே இருந்தது, ஆங்கிலத்தில். அந்த நான்கு வரியில் அம்மாவால் வாசிக்க முடிந்தது ஆறு இலக்கங்களை மட்டும்தான். அவற்றைத்தான் அந்தப் பக்கத்தில் போட்டார்.

போனது 81,000 ரூபாய். 2025 வரை இருந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்துக்கு 60 நாள் முழுப்பேர், அதாவது முழுநாள் வேலை. லயத்து வீட்டுக் கூரைக்குத் தகரம் வாங்க வைத்திருந்த காசு. மழை வந்தால் இப்போதும் அடுப்படியில் சட்டி வைக்கிறோம்.

அம்மாவுக்கு எந்த மொழி தெரியும் என்று திருடனுக்குத் தெரிந்திருக்கிறது. 15 வருடமாக அவர் காசை வைத்திருக்கும் வங்கிக்குத் தெரியவில்லை. எச்சரிக்கையைத் தமிழில் அனுப்புங்கள்.

கிளைக்குப் போனோம். "நீங்கள்தானே இலக்கத்தைக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டார்கள். முறைப்பாட்டுப் படிவம் சிங்களத்தில் இருந்தது. 1987இல் தமிழும் அரச கரும மொழியானது, ஆனாலும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போடுவது எங்கள் ஆட்களுக்கு இன்னும் தீரவில்லை.

தபால் திணைக்களத்தின் இணையதளமென்றால் தளத்தின் பெயர் 'டொட் கவ் டொட் எல்கே' (.gov.lk) என்று முடியவேண்டும், அந்த எழுத்துகள் நடுவில் எங்கேயாவது வந்தால் போதாது. முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுக் குறியை வைத்து ஒரு தளத்தை நம்பக்கூடாது. ஏமாந்துவிட்டால் முதல் வேலையாக கார்டை நிறுத்தவேண்டும், அப்புறம் 101க்கு அழைத்து, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை செர்ட்டிடம் சொல்லலாம். இவ்வளவையும் காசு போன பிறகுதான் நான் தேடிப் படித்தேன். உங்கள் வாசலில் நகை அடகுக்குத் தமிழில் பெரிய பேனர் தொங்குகிறது. இதற்கு ஒரு தாள்கூட இல்லை.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து, இரகசிய இலக்கம் வரும் மெசேஜின் முதல் வரியையாவது தமிழில் போடுங்கள். வாசலில் தமிழில் ஒரு அறிவித்தல் ஒட்டுங்கள். 10ஆம் திகதி தோட்டத்துச் சம்பளம் கணக்குக்கு வந்துவிடும். அதற்கு முன் செய்து தருவீர்களா?

இப்படிக்கு,
கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் மகள்,
பொகவந்தலாவை