துண்டுக் கடை அக்காவுக்கு

அப்பா நேற்று சாயங்காலம் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்துவிட்டார். "எவம்ல என் நெஞ்சுல ஏறி மிதிச்சான்?" என்று விலாவைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். கேட்கட்டும். குற்றாலம் ஐந்தருவியில் அன்றைக்கு அப்பாவுக்கு இதயம் நின்றுபோய், நெஞ்சை அமுக்கியும் ஷாக் கொடுத்தும் பிழைக்க வைத்தது சொந்தபந்தம் எல்லாருக்கும் தெரியும். மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் துண்டு விற்கும் அக்கா.

எண்ணெய்த் தேய்ப்பு முடித்து அருவிக்கு நடந்துபோகும் வழியில் விழுந்தவர் அப்பா. தலையிலிருந்து கால் வரை எண்ணெய், அதன்மேல் சாரல் வேறு. இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் ஏ.இ.டி. பெட்டியைத் தன் வேனிலிருந்து எடுத்து வந்த பெண், நெஞ்சில் ஒட்ட வேண்டிய பட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயோ, எண்ணெயா இருக்கே, ஒட்டாதே!" என்று கத்தினார். கூட்டம் வேடிக்கை பார்த்தது. நானும்தான், பெற்ற மகன், மரம் மாதிரி நின்றேன்.

அக்கா கொடியில் தொங்கிய புதுத் துண்டுகளை ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வந்தார். அப்பா நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்த போலீஸ்காரர் கைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, அம்மிக்கல்லைத் துடைக்கிற மாதிரி அழுத்தித் துடைத்தார். வலது காறை எலும்புக்குக் கீழே ஒரு துண்டு, இடது அக்குளுக்குக் கீழே ஒரு துண்டு. எண்ணெய் கசிய, மூன்றாவது. அப்புறம்தான் பட்டை பிடித்தது. யாரும் தொடாதீர்கள் என்று பெட்டி இங்கிலீஷில் சொன்னது. ஒரே ஷாக். மறுபடி அமுக்கச் சொன்னது. இரண்டு நிமிடம் கழித்து அது திரும்பப் பார்த்தபோது ஷாக் வேண்டாம் என்றது. அப்பா கை அசைந்தது.

முந்தாநாள் துண்டுக்குக் காசு கொடுக்கப் போனேன். "துண்டு என்னத்துக்கு இருக்கு தம்பி, துடைக்கத்தான?" என்றார். வாங்கவே இல்லை.

தன் அப்பாவுக்காக ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கி வந்த உடுமலைப்பேட்டைப் பெண்ணுக்கும், கை ஓயாத போலீஸ்காரருக்கும், 108 தம்பிகளுக்கும், தென்காசி ஆஸ்பத்திரியிலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலும் பார்த்துக்கொண்ட டாக்டர், நர்ஸ் எல்லாருக்கும், எங்கள் செருப்பைக்கூடப் பத்திரமாக எடுத்து வைத்த பஜ்ஜிக் கடைக்காரருக்கும் கோடி நன்றி.

ஒன்று உறுத்துகிறது. அப்பா விட்டு விட்டுக் குறட்டை மாதிரி இழுத்ததை மூச்சு என்று நினைத்துவிட்டேன். யாரோ வலிப்பு என்று சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். இதயம் நின்றவர்கள் அப்படித்தான் இழுப்பார்களாம். அமுக்காமல் விட்டால், ஷாக் தள்ளிப்போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையுமாம். பெட்டி இதயத் துடிப்பைத் தானே பார்த்து, தேவை இருந்தால்தான் ஷாக் கொடுக்கும். நம்மால் கெட்டுப்போகுமோ என்று பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகைதான் வந்தது.

அமுக்கப் படிக்கப் போகிறேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல். அண்ணன் தம்பிகள் பணம் போட்டு வேனுக்கு ஒரு பெட்டி வாங்குவதாகவும் பேச்சு.

அடுத்த சாரலுக்கு வருவோம் அக்கா. அப்பாவுக்கு எண்ணெய்த் தேய்ப்பு மட்டும் கிடையாது, அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.