பஸ் நிலையத்தையும் கோர்ட்டையும் பிரிக்காதீர்கள்: ஜி.எஸ்.ஏ.வுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க அரசின் கட்டடங்களை நிர்வகிக்கும் ஜி.எஸ்.ஏ. அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2025இல் நீங்கள் விற்பனைப் பட்டியலில் போட்டு எடுத்த மாண்ட்கோமரியின் பழைய பஸ் நிலையத்தைப் பற்றியது இந்த மடல். இதே கடிதத்தை ஆங்கிலத்தில் உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். இங்கே தமிழில் எழுதுவது, அலபாமாவில் இருக்கும் நம்மவர்கள் நாலு பேராவது படித்துவிட்டுத் தங்கள் பெயரையும் சேர்க்கட்டும் என்பதற்காக.

மாண்ட்கோமரியில் ஃபிராங்க் எம். ஜான்சன் ஃபெடரல் கோர்ட்டில்தான் நான் குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன். பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போட்டு, திரும்ப மாட்டிக்கொண்டு உள்ளே போய், மர பெஞ்சில் உட்கார்ந்து, கையில் இருந்த சின்னக் கொடியை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, வலது கையைத் தூக்கினேன். வெளியே வந்ததும், பக்கத்திலேயே இருக்கும் பழைய கிரேஹவுண்ட் பஸ் நிலையத்தின் முன்னால் குடும்பத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டோம். பெயர்ப் பலகை பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். அந்தச் சுவரில் செங்கல் வைத்து அடைத்த ஒரு வாசல் உண்டு. அது கறுப்பினத்தவர்கள் மட்டும் நுழைவதற்காக ஒதுக்கியிருந்த வாசல் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதுவரை அந்தப் போட்டோவைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் 'பழைய காலத்து பஸ் ஸ்டாண்டு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் கோப்புகளில் இது இரண்டு தனித்தனிச் சொத்து எண்களாக இருப்பதால், ஒரே கதையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1961 மே 20ஆம் தேதி, பஸ் பயணத்தில் இனப் பிரிவினையை எதிர்த்துக் கிளம்பிய ஃப்ரீடம் ரைடர்ஸ் வந்த பஸ் இந்த நிலையத்தில் நின்றது. வெள்ளையரும் கறுப்பருமாகச் சேர்ந்து வந்த மாணவர்கள். போலீஸ் கண்ணில் படவில்லை. காத்திருந்த கும்பல் பாய்ந்தது. ஜான் லூயிஸ், ஜிம் ஸ்வெர்க், வில்லியம் பார்பி எல்லாரும் ரத்தம் சொட்டச் சொட்ட அடி வாங்கினார்கள். கென்னடி அரசு அனுப்பியிருந்த ஜான் சீகன்தாலரையே அடித்துக் கீழே போட்டார்கள். மத்திய அரசின் நீதித்துறை வக்கீல் ஜான் டோர் அப்போது பக்கத்து ஃபெடரல் கட்டடத்துக்குள், அதாவது நான் உறுதிமொழி எடுத்த அதே கோர்ட் கட்டடத்துக்குள் இருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, கீழே நடப்பதை போனில் வாஷிங்டனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஜன்னல் ஒரு சொத்து எண். அவர் பார்த்த இடம் இன்னொரு சொத்து எண்.

அடுத்த இரண்டு வாரங்களுக்குள் அதே கட்டடத்தில், இன்று அதற்குப் பெயர் தந்திருக்கும் நீதிபதி ஜான்சன், கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்புக்கும், காவல் காக்கத் தவறிய மாண்ட்கோமரி போலீசுக்கும் எதிராகத் தடையுத்தரவு போட்டார். கூடவே பயணத்தை நடத்தியவர்களுக்கும் சில காலம் தடை போட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவரைத் தேவதூதராகக் காட்டுவது என் நோக்கமில்லை.

ஆனால் அந்த மனிதர் உட்கார்ந்த இடம் சாதாரண இடமில்லை. 1933இல் கட்டி முடித்த கட்டடம். 1956 மே 11இல் ப்ரவுடர் எதிர் கேல் வழக்கு அங்கே விசாரணைக்கு வந்தது. பஸ் வழக்கு என்றால், வெள்ளையருக்கு சீட்டை விட்டுத்தர மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸ் பெயர்தான் எல்லோருக்கும் நினைவு வரும். இந்த வழக்கின் மனுதாரர்களில் அவர் இல்லை. ஆரீலியா ப்ரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கால்வின் ஆகிய நான்கு பெண்கள்தான். கால்வின், பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில், பஸ்ஸில் சீட்டை விட்டு எழுந்திருக்க மறுத்துக் கைதானவர். சாட்சிக் கூண்டில் ஏறியபோது அவருக்கு 16 வயது. அவர்களுக்காக வாதாடிய ஃப்ரெட் கிரேக்கு 25. மூன்று நீதிபதிகளில் ரைவ்ஸும் ஜான்சனும் ஒரு பக்கம், லின் மறுபக்கம். ஜூன் 5இல் பஸ்ஸில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

பிறகு 1965. கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக செல்மா நகரிலிருந்து மாண்ட்கோமரிக்கு நடக்கக் கூடாது என்று கவர்னர் வாலஸ் தடுத்த ஊர்வலத்துக்கு மார்ச் 17இல் அனுமதி தந்ததும் ஜான்சன்தான். சாலை இரண்டு வழியாகக் குறுகும் பகுதியில் 300 பேருக்கு மேல் நடக்கக் கூடாது என்பதுவரை அந்த உத்தரவில் இருந்தது. எனக்கு அந்த 300 என்ற எண் மிகவும் பிடிக்கும். உரிமை என்ற பெரிய வார்த்தையை எடுத்து, தார்ச் சாலையின் அகலத்தோடு வைத்து அளந்து பார்த்திருக்கிறார்.

2002இல் புதிய நீதிமன்ற இணைப்புக் கட்டடம் வளைவாக எழுந்தபோது பஸ் நிலையத்தை இடிக்காமல் விட்டீர்கள். பிறகு மாநில வரலாற்று ஆணையத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தீர்கள். 2011இல் அது ஃப்ரீடம் ரைட்ஸ் அருங்காட்சியகமானது. 2015இல் கோர்ட் கட்டடம் தேசிய வரலாற்றுச் சின்னமானது. இதற்கெல்லாம் நன்றி சொல்லாமல் குறை மட்டும் சொன்னால் அது முறையல்ல.

அப்புறம் 2025 மார்ச் 4 வந்தது. விற்கக்கூடியவை என்று நீங்கள் வெளியிட்ட 443 கட்டடங்களின் பட்டியலில் அந்தப் பஸ் நிலையமும் இருந்தது. மறுநாளே முழுப் பட்டியலும் இணையத்திலிருந்து காணாமல் போனது. போட்டதற்கும் விளக்கம் போதவில்லை, எடுத்ததற்கும் போதவில்லை. எங்கள் பக்கம் பூர்வீக நிலத்தை விற்பதென்றால் முதலில் பங்காளிகளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பார்கள். கேட்காமல் விலை பேசினால் ஊரில் முகம் கொடுக்க முடியாது. இந்தச் சொத்தில் பங்காளி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதே என்பீர்கள். தனியார் கைக்குப் போய்விட்டால், சொந்தக் காசில் இடிப்பவரை அந்தப் பெயர் மட்டும் தடுத்துவிடாது. பத்திரத்தில் நிபந்தனை எழுதியிருந்தால்தான் பிடிமானம். உபரியாகிவிட்ட வரலாற்றுக் கட்டடத்தை மாநிலத்துக்கோ நகரத்துக்கோ காசு வாங்காமலே கொடுக்கவும் சட்டத்தில் வழியிருக்கிறது. தேசியப் பூங்காத் துறை ஒப்புக்கொண்டால் போதும். ஆகவே நான் கேட்பது புதிய சட்டம் எதுவும் இல்லை. கோர்ட்டையும் பஸ் நிலையத்தையும் ஒரே இடமாகப் பதிவு செய்யுங்கள், ஒன்றை விட்டு ஒன்றைக் கைமாற்றக் கூடாது என்று எழுதி வையுங்கள். என்றைக்காவது பஸ் நிலையத்தை விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், ஏலத்துக்கு முன்னால் இந்த வழியைத்தான் பார்க்க வேண்டும். இதே அலபாமாவின் ஆனிஸ்டன் நகரில் ரைடர்ஸ் தாக்கப்பட்ட கிரேஹவுண்ட் நிலையம் 2017இலேயே தேசிய நினைவிடத்தின் பகுதியாகிவிட்டது. மாண்ட்கோமரிக்கு மட்டும் ஏன் இந்த இழுபறி?

மற்ற ஊர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பர்மிங்ஹாமில் உள்ள பழைய கோர்ட்டுக்கு, 1989இல் தபாலில் வந்த குண்டு வெடித்து உயிரிழந்த நீதிபதி ராபர்ட் வான்ஸின் பெயர். மொபைல் நகரத்து 1930களின் கோர்ட்டுக்கு ஜான் கேம்பெல் பெயர். கறுப்பினத்தவர்கள் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது என்று சொன்ன ட்ரெட் ஸ்காட் வழக்கில் பெரும்பான்மையோடு நின்று, 1861இல் உச்ச நீதிமன்றப் பதவியை விட்டு விலகி, அடிமை முறைக்காகப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்பின் பக்கம் போனவர். அந்தப் பெயரை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. அவர் யார் என்று வாசலில் நாலு வரி எழுதி வைத்தால் என்ன? கல்லில் வெட்டிய பெயரைப் படிக்கிற ஆளுக்கு அந்த விவரமும் தெரியட்டுமே.

மாண்ட்கோமரியின் இரண்டு கட்டடங்களும் இப்போது உங்கள் எந்தப் பட்டியலில் எந்த வகையில் இருக்கின்றன என்பதை எழுத்துமூலம் தெரிவித்தால், இந்த மடலில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு அதைக் காட்டுவேன்.

இப்படிக்கு,
மாண்ட்கோமரி வாசி ஒருவர்