உரிக்கப்படாத பிளாஸ்டிக் தாள்: கேமிங் கணினி தானாக அணைவது குறித்த புகார்

திருநெல்வேலி
மே 24

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பிராசஸர் கூலரைத் தவறாகப் பொருத்தியதும், அதன் பின் வாரண்டியை மறுத்ததும் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த மார்ச் 12ஆம் தேதி தங்கள் கடையில் 92,500 ரூபாய்க்கு ஒரு கேமிங் கணினி வாங்கினேன். ரைசன் 7 5800எக்ஸ் பிராசஸருடன், அதன் சூட்டைத் தணிக்கும் கூலர் வராது என்பதால், டவர் கூலரையும் தங்களிடமே வாங்கினேன். பாகங்களைப் பூட்டியவர்கள் தங்கள் ஊழியர்கள். அதற்கான கூலி 1,500 ரூபாய் ரசீதில் தனியாகவே இருக்கிறது.

முதல் வாரத்திலிருந்தே தொல்லைதான். விளையாடத் தொடங்கிய கால் மணி நேரத்துக்குள் மின்விசிறிகள் இரையும், காட்சி திக்கித் திணறும், பிறகு திரை இருண்டு கணினி சட்டென்று அணைந்துவிடும். ஆறவிட்டுப் போட்டால் மறுபடியும் அதே கதை.

தொலைபேசியில் கேட்டபோது மின்னழுத்தம் குறைவு என்றார்கள். 5,200 ரூபாய் கொடுத்து யுபிஎஸ் வாங்கினேன். அணைவது நிற்கவில்லை. அடுத்த முறை, வெயில் காலம், ஏசி அறையில் வையுங்கள் என்றார்கள். மூன்றாவது முறை ஆட்டோவில் ஏற்றி நேரிலேயே கொண்டுவந்தேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று பதிவாகியிருப்பதைக் காட்டி, ‘மின்சாரக் கோளாறு’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கணினி முறையாக நிறுத்தப்படாமல் அணைந்தது என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்லும். ஏன் அணைந்தது என்பதைச் சொல்லாது. மின்சாரம் போனாலும், சூடு தாங்காமல் அணைந்தாலும், பவர் சப்ளை பழுதானாலும் அதே 41தான் வரும். பழுது பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் பிராசஸரின் வெப்பத்தை ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டாமா?

நான் பார்த்தேன். விண்டோஸ் திறப்பதற்கு முன்பே, பயாஸ் என்ற தொடக்க அமைப்புத் திரையில் 79 டிகிரி. விளையாட்டைத் தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் 90. இந்தப் பிராசஸருக்கு அதன் தயாரிப்பாளரான ஏஎம்டி வைத்திருக்கும் உச்ச வரம்பே 90 டிகிரிதான். உடனே அணைத்துவிட்டு, பக்கவாட்டுக் கதவைத் திறந்து கூலரின் அலுமினியத் தகடுகளைத் தொட்டேன். வெதுவெதுப்புகூட இல்லை. எரியும் அடுப்பில் வைத்த பாத்திரம் சில்லென்று இருந்தால், இடையில் ஏதோ இருக்கிறது என்றுதானே பொருள்?

கூலரைக் கழற்றினேன். தொடக்கம் முதல் முடிவுவரை வீடியோ எடுத்திருக்கிறேன். செம்பு அடிப்பரப்பில் ஒட்டி வந்த பாதுகாப்புத் தாள் உரிக்கப்படவே இல்லை. பொருத்துவதற்கு முன் நீக்கவும் என்ற எச்சரிக்கை அந்தத் தாளிலேயே சிவப்பு எழுத்தில் இருக்கிறது. பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்த வேண்டிய தெர்மல் பேஸ்ட், அந்த எழுத்தின் மேலேயே நசுங்கிப் பரவியிருந்தது. போதாததற்கு, பின்புற மின்விசிறியும் திருப்பிப் போடப்பட்டிருந்தது. அதனருகே ஊதுபத்தியைப் பிடித்தபோது, வெளியே தள்ளப்பட வேண்டிய புகை பெட்டிக்குள் இழுக்கப்பட்டது.

தாளை உரித்து, பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்து, மின்விசிறியைத் திருப்பி மாட்டினேன். அதே அறை, அதே வெயில், அதே விளையாட்டு. இப்போது இரண்டு மணி நேரம் ஓடினாலும் 76 டிகிரியைத் தாண்டுவதில்லை. ஒரு முறைகூட அணையவில்லை.

இதைத் தெரிவித்தபோது, பெட்டியின் வாரண்டி ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டதால் வாரண்டி கிடையாது என்று தங்கள் ஊழியர் தொடர்பைத் துண்டித்தார். தங்களிடம் கொண்டுவந்தபோதே திறந்து பார்த்திருந்தால், நான் அந்த ஸ்டிக்கரைத் தொட்டிருக்க மாட்டேன்.

பூட்டியதில் தவறு நேர்ந்ததை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். பூட்டுக் கூலியையும், தவறான ஆலோசனையால் நான் யுபிஎஸ்ஸுக்குச் செலவிட்ட தொகையையும், ஆக 6,700 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். வாரண்டி முழுவதும் தொடர வேண்டும். இத்தனை வாரம் உச்ச வெப்பத்தில் ஓடிய பிராசஸரை என் முன்னிலையில் சோதித்துத் தர வேண்டும்.

எனக்குப் பணத்தைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அந்த வாரம் அதே மேசையில் பூட்டப்பட்ட மற்றக் கணினிகளின் நிலை என்ன? வாங்கியவர்களை அழைத்து வெப்பத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தவர்களும் அவர்களில் இருப்பார்கள்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வேன். அதிலும் தீராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். ரசீது, தங்கள் பழுது அறிக்கை, வெப்ப அளவுப் படங்கள், வீடியோ ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். அந்தப் பிளாஸ்டிக் தாள், பேஸ்ட் ஒட்டியபடியே, ஓர் உறையில் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்